செவலையின் படுக்கை: துவைப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரிய வேலை

நாய்க்கோ பூனைக்கோ படுக்கை வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அதைத் திருப்பிப் போட்டு உறையைத் தனியாகக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். கடையில் வட்டமாக, ஓரமெல்லாம் புசுபுசுவென்று அழகாகத்தான் இருக்கும், கை வைத்தால் உள்ளே அமுங்கும், கூட வந்த பிள்ளைகளுக்குப் பார்த்ததும் பிடித்துவிடும். ஆனால் அவற்றில் பல, நான்கு பக்கமும் மூடித் தைத்தவை. ஒரு நாள் நாய் அதில் வாந்தி எடுத்துவிட்டால் முழுப் படுக்கையையும் தூக்கித் தண்ணீரில் போடுவதைத் தவிர வழி கிடையாது. வாஷிங் மெஷினில் நுழையாது, பக்கெட்டிலும் நுழையாது, குளியலறைத் தரையில் போட்டு மிதித்துத் துவைத்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் மறுநாள் வரை சொட்டிக்கொண்டே இருக்கும்.

சோப்பும் தண்ணீரும் இருந்தால் எதையும் துவைத்துவிடலாம். காயவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரியும் உள்ளே பஞ்சு ஈரமாகவும் இருக்கிற படுக்கையில் சீக்கிரமே ஒரு புளித்த வாடை வரும், அப்புறம் பூஞ்சை, அதில் படுக்கிற பிராணிக்குத் தோல் அரிப்பு. அதனால் படுக்கை தைக்க உட்காரும்போது, மெத்தென்று இருக்குமா என்பதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: இதன் ஒவ்வொரு பாகமும் காலையில் துவைத்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுமா? காயாது என்று தோன்றினால் அந்தப் பாகத்தை இரண்டாக்குவேன், மூன்றாக்குவேன், இல்லையென்றால் மெலிதாக்குவேன்.

எங்கள் வீட்டுச் செவலை நாட்டு நாய். குட்டியாக வந்தவள், இப்போது வாயைச் சுற்றி நரைத்துவிட்டது. தூக்கத்தில் அவளை அறியாமலே சிறுநீர் கசியும். எழுந்து பார்த்துவிட்டு, நாங்கள் வருவதற்குள் அந்த இடத்தை நக்கிச் சுத்தம் செய்யப் பார்ப்பாள், அதைப் பார்க்கும்போது மனசு கேட்காது. கருத்தடை செய்த பெட்டை நாய்களில் சிலவற்றுக்கு வயதாகும்போது சிறுநீர்ப் பாதையை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துவிடும், அதனால் வருவது இது. மருந்து இருக்கிறது, பல நாய்களுக்கு நன்றாகவே கேட்கும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கிருமித் தொற்று என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதைச் செய்யாமல் படுக்கையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பது அந்த ஜீவனுக்குச் செய்யும் துரோகம். எக்காரணம் கொண்டும் அதட்டாதீர்கள், தூக்கத்தில் நடப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

சேலத்தில் இருப்பவர்களுக்குத் துணிக்குப் பஞ்சமே இல்லை. அம்மாபேட்டை, குகை பக்கமெல்லாம் தறி ஓடுகிற ஊர் இது. வெட்டுத்துணியும், நெசவில் ஒரு இழை விட்டுப்போனதால் ஒதுக்கின படுக்கை விரிப்பும் விசாரித்தால் கிடைக்கும். நான் எடுப்பது காடாத் துணி. சாயம் போடாத, வெளுக்காத, கொஞ்சம் மொரமொரப்பான பருத்தி. நெருக்கமாக நெய்ததால் முடி உள்ளே குத்திக்கொண்டு நிற்காது, உதறினால் பாதி உதிர்ந்துவிடும். முதல் அலசலில் சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன்னாலேயே ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துவிட வேண்டும். வெல்வெட் மாதிரித் துணிகள் வேண்டாம், முடி ஒவ்வொன்றும் அதில் நட்டுவைத்த மாதிரி நின்றுவிடும். பழைய ஜீன்ஸ் உறுதிதான், ஆனால் தையல் வரும் இடமெல்லாம் ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜமுக்காளம் நன்றாக உழைக்கும், நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது.

காடாவில் இன்னொரு வசதி அதன் நிறம். ஒரு நாள் காலையில் செவலை எழுந்து போனபின் பார்த்தால் உறையில் மிளகுத் தூளைத் தூவிவிட்ட மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். மண்ணா, வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்? விரலில் தண்ணீர் தொட்டு ஒரு புள்ளியின்மேல் வைத்தேன். மெதுவாக அந்தப் புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வட்டம் விரிந்தது. மண்ணாக இருந்தால் அப்படிச் சிவக்காது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், நாயின் ரத்தத்தைக் குடித்துப் போட்டது. அடர் நிறத் துணியாக இருந்திருந்தால் அந்தப் புள்ளிகள் கண்ணிலேயே பட்டிருக்காது. அழுக்கு தெரியாமல் இருக்க அடர் நிறம் எடுங்கள் என்று கடையில் சொல்வார்கள். பிராணிகளின் படுக்கையில் அழுக்கு தெரியத்தான் வேண்டும்.

சரி, தைப்பதற்கு வருவோம். நாய் கைகாலை நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை டேப் வைத்து அளந்து, அதோடு 6 முதல் 8 இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். செவலைக்கு 36 இன்ச் நீளம், 26 இன்ச் அகலம் வந்தது. உறைக்கு ஜிப் வைக்க மாட்டேன். நாய் கடித்துப் பிடுங்கினால் ஜிப்பின் தலைப்பு வயிற்றுக்குள் போகும், ஒட்டும் பட்டை வைத்தால் அதில் முடி அடைத்துக்கொண்டு நாளடைவில் ஒட்டவே ஒட்டாது. தலையணை உறைக்கு வைக்கிற மடிப்பு வாய் போதும், அதையே பின்பக்க நடுவில் வையுங்கள். மேல்பக்கத்துக்கு 37க்கு 27 இன்ச்சில் ஒரு துண்டு. பின்பக்கத்துக்கு 23.5க்கு 27 இன்ச்சில் இரண்டு துண்டு. பின் துண்டு இரண்டிலும், வாயாக வரப்போகிற 27 இன்ச் ஓரத்தை அரை அரை இன்ச்சாக இரண்டு முறை மடித்து அடித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று 8 இன்ச் ஏறியிருக்கும்படி மேல் துண்டின்மேல் வைத்து, நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க, சுற்றிலும் அரை இன்ச் விட்டு அடித்துத் திருப்பினால் உறை தயார். அந்த 8 இன்ச்சில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. நாய் படுப்பதற்கு முன் சுற்றிச் சுற்றி வந்து முன்காலால் பறிக்கும், 4 இன்ச் மட்டும் விட்டிருந்தால் வாய் பிளந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். வாய் ஆரம்பித்து முடியும் இரண்டு முனைகளிலும் மூன்று தடவை முன்னும் பின்னும் தையல் ஓட்டுங்கள், இழுப்பு முழுக்க அங்கேதான் விழும்.

சுருங்குவதையும் சேர்த்து ஒரு உறைக்கு இரண்டரை மீட்டர் துணி ஆகும், 27 இன்ச்சுக்கு மேல் அகலம் இருந்தால் எந்தத் துணியும் சரிதான். மூன்று உறை தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று படுக்கையில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். வீட்டில் பூனை இருந்தால் நூல் முனைகளையெல்லாம் ஒட்ட வெட்டிவிட்டு, ரிப்பன், குஞ்சம், லேஸ் எதுவும் வைக்காமல் விடுங்கள். பூனையின் நாக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் வாயில் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டே போகும். நீள நூல் குடலில் சிக்கி இழுத்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

உள்ளே வைக்கும் மெத்தைதான் இந்த வேலையின் உயிர். ஒரே பெரிய மெத்தையாகத் தைக்காமல் 12க்கு 26 இன்ச்சில் மூன்று சின்ன மெத்தைகள் தைத்து வரிசையாக உறைக்குள் வைக்கிறேன். பஞ்சு அடைத்ததும் ஒவ்வொன்றும் கொஞ்சம் சுருங்கும், அதனால் மூன்றும் நெரியாமல் உட்காரும். இடைவெளி நாயின் உடம்பில் படாமல் இருக்க மேலே ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டுவிடுவேன். கசிவு ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஒரு மெத்தையை மட்டும் எடுத்துத் துவைத்தால் போதும், மற்ற இரண்டும் வேலை செய்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் சாதாரண பக்கெட்டில் முழுசாக முங்கும், கையால் அமுக்கிப் பிழிய முடியும், கொடியில் போட்டால் கொடி தாழாது.

என்ன அடைப்பது? இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். படுக்க எவ்வளவு சுகமோ அவ்வளவு துவைக்க ஆகாது. அந்த இழை உள்ளே குழலாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருப்பதால் முதலில் தண்ணீரையே ஏற்காது, கசக்கிக் கசக்கி நனைத்தபின் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பருத்திப் பஞ்சு தண்ணீரை நிறையக் குடித்துக்கொண்டு விடாது. தடித்த ஃபோம் பிழிந்தால் மேலே காயும், நடுவில் ஈரம் நிற்கும், சிறுநீர் வாடை அதில் ஒருமுறை இறங்கினால் மழை நாளில் திரும்பத் திரும்ப எழும். ஃபைபர் பஞ்சு என்று மெத்தைக் கடையில் கிலோ கணக்கில் கொடுப்பார்கள், பாலியஸ்டர், அதுதான் இதற்குச் சரி. தண்ணீரை உள்ளே இழுக்காது, உதறினால் பாதி ஈரம் போய்விடும். ஓரத்தில் ஒதுங்காமல் இருக்க, மெத்தைக்காரர் செய்வதுபோல ஐந்தாறு இடத்தில் மேலிருந்து கீழே இழுத்துக் குத்தி முடிச்சுப் போட்டுவிடுங்கள். துளிக்கூடச் செலவு செய்ய முடியாத நிலையா, பழைய நைட்டி, பனியன், துண்டு இவற்றைத் தட்டையாக மடித்து உறைக்குள் வையுங்கள், அதுவும் நல்ல படுக்கைதான். குட்டி நாய்க்கு அதையே நான் முதலில் சொல்வேன், எதையும் கடித்துப் பிய்க்கிற வயதில் பஞ்சு எதற்கு?

கசிவு இருக்கிற நாய்க்கு, உறைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் இறங்காத விரிப்பு வேண்டும். கைக்குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட் போதும், கிழிந்த மழைக்கோட்டில் நல்ல பாகத்தை வெட்டினாலும் சரி. ரெக்சின் சூடு, நாய் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் சத்தம் போடும். முக்கியமாக, மெத்தையை அதால் சுற்றி மூடிவிடாதீர்கள். மேல்பக்கம் மட்டும் விரித்து ஓரத்தில் ஒரு கை அளவு தொங்கவிட்டால் போதும், அடிப்பக்கம் காற்றாட இருக்க வேண்டும்.

துவைப்பது பற்றி இரண்டு விஷயம். துணி நனைவதற்கு முன்பே முடியை எடுத்துவிட வேண்டும். ரப்பர் கையுறையைக் கொஞ்சம் ஈரமாக்கி ஒரே திசையில் தேய்த்தால் முடி சுருண்டு கயிறாக வந்துவிடும். அப்படியே மெஷினில் போட்டால் முடியெல்லாம் ஃபில்டரில் போய் அடைக்கும், மிச்சம் உங்கள் சட்டையில் ஒட்டும். அடுத்தது, சிறுநீரோ ரத்தமோ வாந்தியோ பட்ட துணியை எடுத்தவுடன் வெந்நீரில் போடாதீர்கள், கறை உறைந்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் வெந்நீர். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் போடுவோம், அது துணியிலேயே தங்கி நாயின் வயிற்றுத் தோலை அரிக்கும். கடைசி அலசலை மட்டுமாவது மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர் ஏன் என்றால், தெள்ளுப்பூச்சிக்காக. நாயின் மேல் நாம் பார்க்கிற பூச்சி மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான், மிச்சம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் இருக்கும். பெண் பூச்சி ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும், முட்டை வழுவழுவென்று இருப்பதால் முடியில் ஒட்டாமல் நாய் படுக்கிற இடத்திலேயே உதிரும். கூட்டுக்குள் இருப்பது மாதக் கணக்கில்கூடக் காத்திருந்து, நாய் வந்து படுக்கும் அதிர்வும் சூடும் பட்டதும் வெளியே வரும். 60 டிகிரித் தண்ணீரில் துவைத்தால் பூச்சி, முட்டை, புழு எல்லாம் சாகும். தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, சேலத்துக் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 60ஐத் தாண்டித்தான் இருக்கும். பக்கெட்டும் துணியும் கொஞ்சம் சூட்டை இழுக்கும் என்பதால் கொதிநீரை ஒரு சொம்பு கூடவே ஊற்றி, கையை விடாமல் ஒரு குச்சியால் அமுக்கிவிட்டு மூடிவையுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். கூடவே நாய்க்கு மருத்துவர் சொல்லும் பூச்சி மருந்தும் போட வேண்டும், படுக்கை மட்டும் சுத்தமாகி என்ன பயன்?

உண்ணி விஷயம் வேறு மாதிரி. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, படுக்கையில் தங்காமல் சுவர் பக்கம் ஊர்ந்து போய் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் படுக்கையைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், ஒரு முழமாவது தள்ளிப் போட்டு, சுவர் இடுக்கைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். உண்ணிக் காய்ச்சலில் நாய் சோர்ந்து படுத்துச் சாப்பாட்டை ஒதுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு முழத்தின் அருமை தெரியும்.

நல்ல வாசனைக்காக அலசும் தண்ணீரில் பினாயில் விடுகிற வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. பூனை இருக்கிற வீட்டில் தயவுசெய்து வேண்டாம். பினால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்யாது. படுக்கையில் தங்கியது பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கினால் வயிற்றுக்குப் போகும். டெட்டாலுக்கும் இதேதான். அந்துருண்டையை மடித்து வைத்த உறைகளுக்கு நடுவில் போடுவதும் நாய், பூனை இரண்டுக்கும் விஷம். நாய்க்கு வாங்கின பெர்மெத்ரின் மருந்தைப் பூனைப் படுக்கையில் தெளிப்பது உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் நனைந்த துணியில் கொட்டினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். வாடைக்கு வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் போதும், மிச்சத்தைச் சேலத்து வெயில் பார்த்துக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் மொட்டை மாடியில் போட்ட உறை, நான் கீழே வந்து சோறு வடித்துவிட்டுத் திரும்பப் போவதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும்.

இதெல்லாம் சேலத்துக்கு. ஏற்காட்டில் சித்தி வீடு இருக்கிறது, அங்கே ஒரு பூனையும் காவலுக்கு ஒரு நாயும். செவலைக்குத் தைத்ததைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார், அதே காடா உறையும் மெத்தையுமாகக் கொடுத்தனுப்பினேன். மழைக்காலத்தில் ஃபோன் செய்து கேட்டபோது, “எங்க கண்ணு காயுது? நம்ம சேலையே மூணு நாளா கொடியில தொங்குது, இதுல நாய்த் துணிக்கு வெயிலுக்கு எங்க போறது” என்றார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஊரே வேறு, மேகம் வாசலுக்குள் வந்து நிற்கும், பருத்தி அந்தக் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரக் காற்று தெள்ளுப்பூச்சிப் புழுவுக்கும் தோது, காய்ந்த காற்றில் அது பிழைக்காது.

அதனால் மலைக்கு நான் எல்லாவற்றையும் மாற்றினேன். பருத்திக்குப் பதில் மெல்லிய ஃப்ளீஸ் போர்வை, அது பாலியஸ்டர், பிழிந்ததும் பாதி காய்ந்த மாதிரி ஆகிவிடும், லேசான ஈரத்திலும் கதகதப்பு போகாது. முடி அதிகம் பிடிக்கும் என்பது உண்மை, அங்கே அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தரையின் சில்லிப்பு ஏறாமல் இருக்க நாய்க்கு ஒரு சாண் உயரத்தில் நைலான் நாடாக் கட்டில் பின்னிக் கொடுத்தோம், நகம் மாட்டாதபடி நெருக்கமாக. கட்டிலைக் குழாயில் பீய்ச்சிக் கழுவினால் மழை நாளிலும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. அதே கட்டில் சேலத்துக் கோடைக்கும் பொருத்தம், அடியில் காற்றோடுவதால் செவலை மெத்தையை விட்டுவிட்டு அதில்தான் மத்தியானம் படுக்கிறாள். பூனைக்குப் பழக்கூடையில் ஃப்ளீஸ் துண்டு இரண்டு மடிப்பு, மெத்தையே கிடையாது. கொதிநீர் கலக்கும்போது அங்கே குழாய்த் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், கொதிநீர் இரண்டு பங்குக்குப் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கு என்று சித்திக்குச் சொல்லியிருக்கிறேன், அதில் கையை வைத்துவிடாதீர்கள் என்றும்.

காபி எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த காபித் தொலியைச் சாக்கில் அடைத்து நாய்க்குப் போடலாமா என்று சித்தி கேட்டார், மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதில் காஃபீன் உண்டு, கிழித்துத் தின்றால் நாய்க்குப் படபடப்பும் வலிப்பும் வரும். வேண்டாம். சணல் சாக்கும் அந்த மலையில் காயவே காயாது. வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கை வெட்டிக் கட்டிலில் விரிப்பது எவ்வளவோ தேவலை. குளிர்காலத்தில் பழம் காயப்போடுகிற களத்தில் நல்ல வெயில் இருக்கிறதே என்று உறையை அங்கே விரிக்காதீர்கள், காபி பக்கத்து வாடையையெல்லாம் பிடித்துக்கொள்ளும். களத்தை விட்டுத் தள்ளி ஒரு கொடி கட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய நாய் வைத்திருப்பவர்கள் அளவு கேட்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நாய்களுக்கு 48க்கு 36 இன்ச் படுக்கை, உள்ளே 12க்கு 36 இன்ச்சில் நான்கு மெத்தை. அந்த நாய்களுக்கு உடம்பில் சதை குறைவு, முழங்கை எலும்பு நேரே தரையில் அழுந்தி முதலில் தோல் காய்ப்புக் காய்க்கும், அப்புறம் சில சமயம் நீர் கோத்துக்கொள்ளும், அதனால் செவலைக்கு அடைத்ததைவிடப் பஞ்சு அதிகமாக, கையால் அழுத்தினால் தரை தட்டாத அளவுக்கு இருக்க வேண்டும். உறைக்கு மேல் துண்டு 49க்கு 37, பின் துண்டு 29.5க்கு 37 இன்ச்சில் இரண்டு. 3 மீட்டர் வாங்குங்கள், நனைத்துக் காய்ந்தபின்னும் 37 இன்ச் அகலம் நிற்கிற துணியாகப் பார்த்து.